சாமைக்கு வந்தது வலிப்பு

என் நாய்க்கு வெறி பிடித்திருக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று நான்தான் சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன்!

அந்தச் சொல்லை நம்பித்தான் எங்கள் தெரு தடியெடுத்தது. அடித்தவர்கள்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தங்கள் பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றுவதாக அவர்கள் நினைத்தார்கள். கொன்றது நான். இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் என்னைத் தெரியாது... அந்தத் துணிச்சலில்தான் சொல்கிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஊர்ப்புற நூலகத்தில் வேலை. அரசாங்க வேலை என்று பெயர்தான் பெரிது. சம்பளத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நாளிதழ் புரட்டச் சில பெரியவர்கள் வருவார்கள். மழை வந்தால் இன்னும் சிலர் ஒதுங்குவார்கள். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. குழந்தை இல்லை. மாலையில் நூலகத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினால், மறுநாள் திறக்கும்வரை எனக்குப் பேச்சு என்பதே கிடையாது. சில நாள், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சத்தமாக இருமிப் பார்ப்பேன்.

அப்படியிருந்தபோதுதான் சாமை வந்தாள். 'வந்தது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூட்டத்துக்காக வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். திரும்பும் பேருந்துக்குக் காத்து நின்ற இடத்தில், ஒரு பெண் சாக்கு விரித்துச் சாமைத் தானியம் காயப்போட்டிருந்தாள். அதன் நடுவில் ஒரு நாய்க்குட்டி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"வெரட்டி வெரட்டி கை ஓஞ்சி போச்சிம்மா. வேணும்னா தூக்கினு போ," என்றாள்.

தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மலைப்பாதையில் பேருந்து வளைந்து வளைந்து இறங்க, குட்டி என் முந்தானையிலேயே வாந்தியெடுத்தது. பெயருக்கு யோசிக்கவே இல்லை. அவள் உடம்பெல்லாம் சாமை ஒட்டியிருந்தது.

இரண்டு வயது முடிவதற்குள் முதல் வலிப்பு வந்தது. விடியற்காலையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டு எழுந்து போனால், சமையலறைத் தரையில் சாமை விறைத்துக் கிடக்கிறாள். கால்கள் ஓடுவதுபோல் உதைத்துக்கொள்கின்றன. வாயில் நுரை. சிறுநீர் தானாகப் போகிறது. சற்று நேரத்தில் அடங்கியது. ஆனால் எழுந்தவளுக்கு என்னைத் தெரியவில்லை! சுவரில் போய் முட்டினாள். தொட்ட கையைக் கவ்வ வந்தாள். பிறகு மெல்ல மெல்லத் தெளிந்து, என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சியில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். "நமக்கு வர்ற காக்கா வலிப்பு மாதிரிதாம்மா இதுவும். முழுசா கொணமாவாது. மாத்திரை குடுத்து அடக்கி வெக்கலாம், அவ்ளோதான். இருக்கிற வரைக்கும் குடுக்கணும்," என்றார். வெறிநோய்க்கான தடுப்பூசியை வருடா வருடம் அவரே போட்டுவந்தார். ஆகவே அது வெறியாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியில் நான் மூச்சுவிடவில்லை. எங்கள் ஊரில் வாயில் நுரை தள்ளுகிற நாய்க்கு ஒரே பெயர்தான் உண்டு. அந்தப் பெயரை யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் விசாரணை கிடையாது. அதற்குப் பயந்தே மறைத்தேன். வலிப்பு பெரும்பாலும் விடியலில் வந்ததால் மறைக்கவும் முடிந்தது. எதிர்வீட்டு அஞ்சலையிடம்கூடச் சொல்லவில்லை. அஞ்சலை கரும்பு வெட்டப் போகிறவள். மீன் வாங்கினால் தலையைச் சாமைக்கு என்று எடுத்துவைப்பாள்.

"இன்னாம்மா, நாயி எளச்சிக்கினே போவுது?" என்று அவள் கேட்டால், "வயித்துக் கோளாறு அஞ்சல" என்பேன்.

மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால், "நாய்க்கா?" என்று கேட்டு, பின்னால் நிற்பவரைப் பார்த்துக் கடைக்காரர் சிரிப்பார். முதலில் எழுதிய மாத்திரை மலிவு. அது போதாமல் இரண்டாவதாக எழுதியது அப்படியில்லை. இரண்டும் சேர்ந்து கல்லீரலைக் கெடுத்தன. அதற்கு இரத்தப் பரிசோதனை, சேலத்துக்கு அலைச்சல்... வளர்ந்த நாயைப் பேருந்தில் ஏற்றமாட்டார்கள், வாடகைக் கார்தான். காதிலிருந்த தோடு போய்க் கவரிங் ஏறியது. கேட்டவர்களிடம் தோடு தொலைந்துவிட்டது என்றேன். அவர்களும் என்னோடு சேர்ந்து தெருவெல்லாம் தேடினார்கள்!

செலவைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. ஒரு சாவுக்குப் போய் இரவு தங்க முடியவில்லை. நனைந்த சாக்கைத் துவைத்துக் காயப்போட்டு, மறுபடி துவைத்து... இரவில் அவள் கால் நகம் தரையில் பிறாண்டும் ஒலி கேட்டாலே வலிப்புதான் என்று விளக்கைத் தேடுவேன். எழுந்து பார்த்தால் கனவில் ஓடிக்கொண்டிருப்பாள். அப்போது எனக்கு வருவது நிம்மதியில்லை, ஆத்திரம். அந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்வது? நாய்க்குச் சீக்கு, எனக்கு அழுகை வருகிறது என்று எந்த வாசலில் போய் உட்காருவது?

ஒரு கட்டத்தில் மருத்துவரே தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஊசி போட்டுடலாமாம்மா? தூக்கத்துலயே போயிடும். அதுக்கும் கஷ்டம், ஒங்களுக்கும் கஷ்டம்."

எவ்வளவு கோபப்பட்டேன் தெரியுமா! "பெத்த புள்ளையா இருந்தா இப்டி கேப்பீங்களா?" என்று கத்தினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். காரில் வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். எத்தகைய தாய் நான்!

அந்தத் தாய்தான் அடுத்த மாதத்திலிருந்து மாத்திரையைப் பாதியாக உடைக்கத் தொடங்கினாள். விலை கட்டுப்படியாகவில்லை என்பது உண்மை. ஆனால் அது முழு உண்மையா? ஏதோ ஒரு நாள் ஒரேயடியாக முடிந்துவிடட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லவில்லையா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்றுவரை என்னிடமிருந்து நேரான பதில் வரவில்லை.

வலிப்பு பகலிலும் வரத் தொடங்கியது.

அன்று மாலை நூலகத்திலிருந்து திரும்புகிறேன். தெருக்குழாயடியில் ஒரே கூச்சல். சங்கிலியை அறுத்துக்கொண்டு சாமை வெளியே வந்திருந்தாள். வலிப்பு வந்து அடங்கிய கையோடு வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. கண் திறந்திருக்கிறது, பார்வையில்லை. நுரை ஒழுகுகிறது. குடங்களில் மோதுகிறாள், சுவரில் மோதுகிறாள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கள் தெரு முருகேசன், டிராக்டர் ஓட்டுகிறவன், ஒரு சவுக்குக் கழியோடு நின்றான்.

"லைப்ரரி அக்கா, இன்னா ஆச்சி இதுக்கு? கடிக்க வருது! நீங்களே சொல்லுங்க, இன்னா பண்றது?"

அவன் அடிக்கவில்லை. கவனியுங்கள்... அவன் என்னைக் கேட்டான்! என் நாய் என்பதால் எனக்காகக் காத்து நின்றான். 'வலிப்புப்பா, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், விலகிக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருந்தால் விலகியிருப்பார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு ஈரச் சாக்கின் நாற்றம் நினைவுக்கு வந்தது. அன்றிரவு மறுபடியும் விழித்திருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

"வெறி புடிச்சிட்ட மாதிரி இருக்குப்பா... கிட்ட போவாதீங்க," என்றேன்.

என் குரல் கேட்டதும் சாமை திரும்பினாள். கண் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு, தடுமாறித் தடுமாறி என்னை நோக்கி ஓடிவந்தாள். என்னைக் கடிக்கத்தான் பாய்கிறாள் என்று எல்லாரும் அலறினார்கள்.

முதல் அடி என்னைக் காப்பாற்றுவதற்காக விழுந்தது.

அதற்கு மேல் எழுத முடியவில்லை. சீக்கிரம் முடிந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல ஆசையாக இருக்கிறது. சீக்கிரம் முடியவில்லை. ஊசி வேண்டாம் என்று மருத்துவரிடம் கத்தியவள், இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசி என்றால் நான் 'சரி' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்தச் சாவு என்னுடைய முடிவாகிவிடும். இது தெருவின் முடிவு. நான் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்... எவ்வளவு கேவலமான கணக்கு!

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலையில் சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக வந்து, அந்த நாயைத் தொட்டவர்கள், அதன் எச்சில் பட்டவர்கள் எல்லாரும் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். மீன் தலையைக் கையால் ஊட்டிய அஞ்சலை போக வேண்டும். அடித்த முருகேசன் போக வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அஞ்சலையின் மகள் செல்வியும் போக வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி, பொழுது போகாமல் சாமையின் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

எல்லாரும் ஒரே ஆட்டோவில் போனோம். நானும்தான். எனக்கு எதற்கு ஊசி என்று என்னால் சொல்ல முடியுமா? சேலையை விலக்கித் தோளைக் காட்டினேன். இல்லாத நோய்க்கு!

வரிசையில் நிற்கும்போது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல? எனக்கு வெறி வந்துட்டா எம்புள்ளைய நானே கடிச்சிருவனா?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே இடித்தது. ஒரே ஒரு வாக்கியம்தானே! "ஒண்ணும் ஆவாதும்மா," என்றேன். அவ்வளவுதான் வந்தது. முருகேசன் பக்கத்தில் நின்றிருந்தான்; நாயைப் புதைத்த மண் இன்னும் அவன் நகத்தில் இருந்தது. அவனை எப்படிப் பார்ப்பேன் என்று பயந்தேன். மறுமுறை, அதற்கு மறுமுறை என்று ஊசிக்குப் போகும்போதெல்லாம் அஞ்சலைக்குக் கூலி போயிற்று. வெறி கண்டவர்கள் தண்ணீரைப் பார்த்தாலே பயப்படுவார்கள் என்பதால், செல்வி தண்ணீர்த் தம்ளரைக் கையில் எடுத்ததும் தனக்குப் பயம் வருகிறதா என்று சோதித்துப் பார்த்துக்கொண்டே குடித்தாள். பிள்ளை பிறக்கும்வரை அப்படித்தான் குடித்தாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தொட்டிலில் போடுகிற அன்று என்னை முதலில் கூப்பிட்டு உட்காரவைத்து, குழந்தையை என் மடியில் வைத்தார்கள். "லைப்ரரியம்மா மட்டும் அன்னிக்கி மறச்சிருந்தா நம்ப கதி இன்னா? சொந்த நாயின்னு பாக்காம சொன்னாங்களே!" என்று அஞ்சலை வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் சிரித்தேன்.

இத்துடன் நிறுத்தியிருந்தால், ஒரு பலவீனமான நேரத்தில் செய்த பிழை என்று நீங்கள் என்னை விட்டுவிடக்கூடும். ஆகவே போன மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

டீக்கடை எதிரில் ஒரு தெருநாய் விழுந்து துடித்தது. உடனே என்னைக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டது. எங்கள் தெருவில் இந்த விஷயத்தில் என் பேச்சுக்கு மதிப்பு அதிகம். முருகேசன் அங்கே கழியோடு நின்றான். "பாத்துச் சொல்லுங்கக்கா, ஒங்களுக்குத்தான் தெரியும்," என்றான்.

பார்த்தேன். அதே விறைப்பு, அதே ஓடுகிற கால்கள். வலிப்பு! 'வெறியில்லப்பா, வுட்டுடுங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நம்ப சாமையும் அன்னிக்கி இப்டித்தான அத்த பண்ணுச்சி?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இது வலிப்பென்றால் அது? அது வலிப்பென்றால் நான்?

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். திரும்பி நடந்து வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். டீக்கடை எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. எல்லாம் கேட்டது.

சற்றுப் பொறுத்து அஞ்சலை கதவைத் தட்டினாள். கையில் ஒரு தம்ளர் டீ. "பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சாம்மா? முடிஞ்சிபோச்சி, வுடுங்க. இத்தக் குடிங்க மொதல்ல," என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நான் அந்த டீயை வாங்கி, முழுவதும் குடித்தேன்.