பங்க் பாட்டுக்கு வயசாகிவிட்டது

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்காலில் ஒரு வீட்டில் உட்கார்ந்து பங்க் பாட்டுக் கேட்டேன்.

பெட்ரோல் பங்க் இல்லை. இது வேறு. லண்டன், பாரிஸ் பக்கம் சில வருஷங்களுக்கு முன்னால் பையன்கள் தலைமுடியை முள்ளம்பன்றி மாதிரி நிறுத்திக்கொண்டு, கிழிந்த சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு, கிடாரை வெளுத்து வாங்கியபடி கத்தினார்களே... அந்தச் சங்கீதம். நீங்கள் கேட்டதில்லையா? பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

வீடு, என் கல்லூரித் தோழன் செல்வத்தினுடையது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்திலிருந்தே பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பம். இப்போது பாரிஸுக்கு வெளியே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தவன் பரணிலிருந்து பழைய ரெக்கார்டுப் பெட்டியை இறக்கிவிட்டு, பக்கத்து நெரவியில் உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு ஆள் அனுப்பினான். எழுபதுகளின் கடைசியில் அவனுடைய சித்தப்பா பிரான்சிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்த ரெக்கார்டுகள். பி.காம். படித்த காலத்தில் அவைதான் எங்களுக்கு வேதம்.

"எப்படி இருக்குன்னு பாப்பம்டா" என்று முதல் தட்டைப் போட்டான்.

தட்டு நன்றாகத்தான் இருந்தது. ஒரு கீறல் கிடையாது. பாட்டுதான்...

முதலில் வந்தது அமெரிக்க கராஜ் ராக். கார் நிறுத்துகிற ஷெட்டில் வாசித்துப் பழகினவர்கள் என்பதால் அந்தப் பெயர். பாடுகிறவனை அவன் காதலி விட்டுப் போய்விட்டாள். 'நீ அழப்போகிறாய், அழப்போகிறாய்' என்று பாட்டு முழுக்கச் சாபம் விடுகிறான். ஒரு காலத்தில் இதற்கு எங்கள் கண் கலங்கியிருக்கிறது. இப்போது கேட்டால், அந்தப் பெண் ஏன் போனாள் என்று நன்றாகவே புரிகிறது.

இரண்டாவது, லண்டன் ஆசாமி. ஸ்கூல் வேண்டாம், வேலை வேண்டாம், எதுவுமே வேண்டாம் என்று கத்துகிறான். அவனுக்கும் முப்பது தாண்டியிருக்கும். இந்நேரம் ஏதாவது வேண்டியிருக்கும்.

மூன்றாவதில் ஒருத்தன் வேற்று நாட்டுக்காரன் பேசுவது போல மூக்கால் பேசிக் கிண்டல் பண்ணுகிறான். அந்த நாளில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம். செல்வம் எழுந்து போய் முள்ளைத் தூக்கிவிட்டான்.

"அங்க மெட்ரோவுல எங்களைப் பாத்து இப்படித்தான்டா பேசிக் காட்டுறானுங்க."

அந்தத் தட்டை உறைக்குள் போட்டு ஓரமாக வைத்தான்.

அது சரி, ஏன் இப்படி ஆகிறது? எங்கள் அப்பா வைத்திருக்கும் நாடகப் பாட்டுத் தட்டு ஒன்று இருக்கிறது. கரகரவென்று ஒலிக்கும், பாதியில் தாவும். ஆனாலும் உட்கார்ந்து கேட்க முடிகிறது. இவை புத்தம்புதிதாக இருந்தும் முடியவில்லை. உலகத்தையே புரட்டிப்போடப் போகிறேன் என்று கிளம்பின பாட்டுகள்தான் சீக்கிரம் கிழடு தட்டுகின்றனவோ?

ஒரே ஒரு ரெக்கார்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தோம். சின்னத் தட்டு, பிரெஞ்சுப் பாட்டு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்தப் பாட்டின் கோரஸில் 'நுல்... நுல்...' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். எங்கள் காதில் அது 'நில்லு' என்றே விழுந்தது. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. செல்வத்துக்கு, அவன் அப்பா பிரெஞ்சில் திட்டினால் புரிகிற அளவுக்குத் தெரியும். அவனுடைய அக்கா வசந்தா பிரெஞ்சு மீடியத்தில் படித்துப் பரிசெல்லாம் வாங்கியவர். அவரிடம் போனோம்.

"என்னக்கா சொல்றான்?"

அக்கா பாட்டை முழுக்கக் கேட்டார். எங்கள் முகங்களைப் பார்த்தார். "ஏறக்கொறைய நில்லுன்னுதான்டா சொல்றான்" என்றார். பிறகு வரி வரியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

எங்களைத் தாண்டிப் போறவனே, நில்லு.
நீ போவ, நாங்க பாத்துக்கிட்டே நிக்கணுமா? சொல்லு.
கதவைச் சாத்துனது யாரு? சாவி யாருகிட்ட? சொல்லு.

எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. பிரான்சில் என்னமாய் எழுதுகிறான்கள்! செல்வம் அதை அப்படியே அந்த மெட்டில் உட்காரவைத்தான். சைக்கிளில் போகும்போதும் அதுதான், கேன்டீனிலும் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கமலாவுக்குப் பிரச்சினை வந்தது. கமலா என் சித்தப்பா மகள், இன்றைக்கும் பக்கத்து வீடுதான். நெரவியிலிருந்து தினமும் காரைக்காலுக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் இருந்தது. நிற்காது, அவ்வளவுதான். கன்செஷன் டிக்கெட் கூட்டத்தைக் கண்டால் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பார். அடுத்த பஸ்ஸில் போனால் முதல் பீரியட் போய்விடும். அட்டெண்டன்ஸ் இன்னும் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். இதற்காகவே காத்திருந்த மாதிரி சித்தப்பா, "சரி, படிச்சது போதும். திருநள்ளாத்துல ஒரு வரன் வந்துருக்கு" என்றார்.

கமலா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

செல்வத்திடம் சொன்னேன். "பஸ்ஸை மறிப்போம்டா" என்றான். மறுநாள் காலையில் சட்டை முழுக்க ஊக்கு குத்திக்கொண்டு வந்து நின்றான். எல்லாம் அவன் அம்மாவின் ஊக்குகள். நாங்கள் நாலைந்து பேர், கமலா, அவளுடன் படிக்கிற இரண்டு பெண்கள். ரோட்டை அடைத்து நின்று பாட ஆரம்பித்தோம். 'எங்களைத் தாண்டிப் போறவனே, நில்லு!'

வளைவில் பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. வேகம் குறையவில்லை.

புரட்சி பண்ண வந்த எல்லோரும் ஆளுக்கொரு பக்கமாக வயலில் இறங்கிவிட்டோம். செல்வம் ஊக்கோடு சேற்றில் விழுந்தான். நிமிர்ந்து பார்த்தால் ரோட்டில் கமலா மட்டும் நிற்கிறாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். அவளுக்குச் சுருதியே சேராது. அன்றைக்கும் சேரவில்லை.

டயர் தேய்கிற சத்தம். இஞ்சின் சூடு அவள் முகத்தில் அடிக்கிற தூரத்தில் பஸ் நின்றது.

டிரைவர் இறங்கினார். "ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"சாவுறதுக்கு இல்லண்ணே. காலேஜுக்கு."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். ஜன்னலோரத்து அம்மா ஒருத்தி, "ஏத்திக்கங்கய்யா, பொண்ணு படிக்கத்தானே போவுது" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு குரல் எழுந்தது. டிரைவர் திரும்பித் தன் சீட்டில் ஏறினார். "ஏறித் தொலை" என்றார்.

மறுநாளிலிருந்து பஸ் நெரவியில் நின்றது. கமலா பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள். திருநள்ளாற்று வரன் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டது. இப்போது காரைக்காலில் ஒரு பேங்க்கில் வேலை பார்க்கிறாள். செல்வம் டிகிரியை முடித்ததும் பிரான்சுக்குப் போனான். வசந்தாக்கா இங்கேயே ஒரு பள்ளியில் பிரெஞ்சு டீச்சர் ஆனார்.

ஆகவே, போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்னத் தட்டை செல்வம் எவ்வளவு பயபக்தியோடு எடுத்தான் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியில் சிரித்தான். இரண்டாவது வரியில் புருவத்தைச் சுருக்கினான். கோரஸ் வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பல வருஷம் அந்த ஊரில் இருந்தவன் இல்லையா... இப்போது பிரெஞ்சு புரிகிறது.

"அக்கா!" என்றான்.

வசந்தாக்கா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர், சிவப்புப் பேனாவோடு வந்து நின்றார்.

"இதுல நில்லுன்னு எங்கக்கா இருக்கு?"

"எங்கயும் இல்ல" என்றார் அக்கா, சாதாரணமாக. "நுல்னா ஒனக்கே தெரியுமே. ஒண்ணுத்துக்கும் ஒதவாதவ. ஒரு பொண்ணை நிக்க வச்சு, நீ அசிங்கம், நீ மக்கு, நீ வீட்டோட கெடன்னு திட்டுறான். பாட்டு முழுக்க அதான்."

"அப்ப நீ சொன்னது?"

"நாலு தடிப் பசங்க வாயைப் பொளந்துகிட்டு ஒக்காந்திருக்கீங்க. அந்த வார்த்தையை எல்லாம் நான் எப்படிடா ஒங்ககிட்ட சொல்றது? வாயில வந்ததைச் சொன்னேன்."

"வாயில வந்ததா? அந்தச் சாவி, கதவு எல்லாம்?"

அக்கா பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பாரிஸ் போயி மேல படிக்கிறேன்னு அப்பத்தான் அப்பாகிட்ட கேட்டிருந்தேன். பொட்டைப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்ப முடியாதுன்னுட்டாரு. அந்தக் கோவம் இருந்துச்சு. வேற எங்க போயி கத்துறது?" என்றார். "அப்புறம் ஒனக்கு டிக்கெட் எடுத்தாங்க."

அவர் குரலில் சண்டை இல்லை. அதனால்தானோ என்னவோ, செல்வத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த ஆள் கத்திக்கொண்டே இருந்தான். அக்காதான் குனிந்து பிளேயரை நிறுத்தினார்.

"நீ கேட்டிருக்கலாம்லக்கா. நான் சொல்லியிருப்பேன்ல அப்பாகிட்ட" என்றான் செல்வம்.

"ஒன்கிட்டதான்டா முதல்ல கேட்டேன். நீ பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்த."

செல்வம், "இப்ப வர்றியாக்கா? அடுத்த லீவுக்கு? நான் டிக்கெட் அனுப்புறேன்" என்றான். அக்கா, "பேப்பரை முதல்ல திருத்தி முடிக்கிறேன்" என்று உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரைக்கும் நல்லது.

எனக்குத் தோன்றியது இதுதான். அந்தப் பையன்களின் கோபம் நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால் கை ஓங்கினால் திருப்பி அடிக்காத ஆளாகப் பார்த்து அதைக் காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாட்டு பத்து வருஷம்கூடத் தாங்காது போலிருக்கிறது.

நெரவிக்குத் திரும்பியதும் கமலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்திவிட்டு, "வசந்தாக்கா எழுதுனதா அது?" என்று மட்டும் கேட்டாள். வருஷக்கணக்காக ஒரே ஊரில் வேலை பார்த்தும், இருவரும் பார்த்தால் தலையாட்டிக்கொள்கிற பழக்கம்தான். மறுநாள் பேங்க் முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இருட்டிய பிறகுதான் வந்தாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"அவ்வளவு நேரம் என்ன பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒங்க பத்திரிகையில போடுறதுக்கு இல்லண்ணே."