வேர்வையில் இறங்காதது

என் கணவரைக் குடிகாரர் என்று எங்கள் தெருவில் ஒருவரும் சொன்னதில்லை. விடியுமுன்னே எழுந்து ஆற்றங்கரையோடு விறுவிறுவென்று நடந்து, குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கி, எதிர்க்கரைவரை நீந்தித் திரும்புகிற மனிதரை எப்படிச் சொல்வார்கள்? குடிகாரன் என்றால் வேட்டி அவிழ்ந்து சாக்கடையோரம் கிடக்க வேண்டும். இவரோ நெற்றி நிறையத் திருநீறோடு வீட்டுக்குள் வருவார். நாள் தவறாமல் குடித்தார், நாள் தவறாமல் நடந்தார். குடித்ததைத் தெரு பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

தண்ணீர் மோட்டாருக்குள் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். சீவலப்பேரிப் பக்கத்து வயல்காரர்கள் எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்தத் தொழிலை வைத்தே உடம்புக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

“சும்மா கெடக்க மோட்டார்தாம்ட்டி துருப்பிடிக்கும். ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆவாது. ராத்திரி உள்ள போனது காலைல வேர்வைல எறங்கிரும்.”

“சேத்த மிதிப்பானேன், காலக் கழுவுவானேன்?” என்பேன். சிரிப்பார். அவரோடு நடக்கிறவர்களும் அதே கட்சிதான். சாயங்காலம் ஒயின்ஷாப்பில் சேர்கிற கூட்டம் காலையில் கரையில் சேரும். நடை முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் அருகம்புல் சாறு. ஈரலுக்கு நல்லதாம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது.

குளித்துவிட்டு வரும்போது அவர் கை நடுங்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். “ஆத்துத் தண்ணி சில்லுனு கெடக்கு” என்பார். கார்த்திகையிலும் மார்கழியிலும் அதை நம்பினேன். சித்திரையில், படித்துறைக் கல் விடியும்போதே வெதுவெதுவென்றிருந்த நாளிலும் அதே நடுக்கத்தோடு வந்து அதையே சொன்னார். அன்றைக்குத்தான் அந்தப் பேச்சை நம்பாமல் போனேன்.

பிறகு மெலிய ஆரம்பித்தார். தோளும் தொடையும் வற்றின. நடைக் கூட்டத்தில் ஒரே பாராட்டு. “எளவட்டம் மாதிரி ஆயிட்டேரு வே! நடந்ததுக்குப் பலன் கெடச்சிட்டு” என்று வாசலில் வைத்தே சொன்னார்கள். அவரும் நம்பி, நடையை ஓட்டமாக்கினார். சோறு இறங்கவில்லை. அதையும் நல்லதென்றே எடுத்துக்கொண்டார். வயிறு மட்டும் குறையவில்லை, கணுக்கால் வீங்கியது. ஓடினதால் வந்த வீக்கம் என்று நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொன்னார். நானும் தடவினேன். விரலை எடுத்த பிறகும் அழுத்தின இடம் குழியாகவே நின்றது.

ஒருநாள் படித்துறையில் ஏறும்போது முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. கூட்டாளிகள் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஏறிக்கொண்டு அதே ஆட்டோவை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

“தெனமும் ஓடுதேன் டாக்டர்” என்பதுதான் அங்கே இவர் முதலில் சொன்னது, பரீட்சையில் மார்க் வாங்கின பிள்ளை மாதிரி. டாக்டரம்மா சிரிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. கரைந்தது கொழுப்பு இல்லை, சதை என்றார். குடி சதையை அரிக்கும். சாப்பிடாமல் அதன்மேல் ஓடினால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும். வேர்வையில் போவது தண்ணீரும் உப்பும்தான். குடித்ததைக் கழிக்கிற வேலை ஈரலுடையது, அந்த ஈரல் கெட்டுத்தான் காலில் நீர் கோத்திருக்கிறது. கை நடுங்குவது குளிரால் இல்லை, உடம்பு குடி கேட்கிறது. வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து, இங்கேயே படுக்கட்டும் என்றார்.

“அப்ப நடந்ததெல்லாம் வீணா?” என்று இவர் கேட்டார். குடியை விட்ட பிறகு மெதுவாக நடங்க, அப்போதுதான் நடை உடம்பில் ஒட்டும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த நடை இல்லாவிட்டால் ஊர் எப்போதோ அவரைக் குடிகாரர் என்று சொல்லியிருக்கும். நானும் எப்போதோ ஆட்டோ பிடித்திருப்பேன்.

இப்போது குடி இல்லை. நேரத்துக்குச் சோறு, முட்டை, மாத்திரை. காலையில் நானும் கூட நடக்கிறேன், பைய. பழைய கூட்டம் எதிரே வந்து நின்று, “நிறுத்துனதுலதான் வே இப்படி ஒடுங்கிட்டேரு. முந்தி என்னமா நீந்துவேரு!” என்றது. அவர்கள் போன பிறகு, “அவனுவ சொல்லுதது நெசமா இருக்குமோ?” என்று என்னிடம் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “காயில் கருகுன மோட்டாருக்குக் கரண்டு குடுத்து ஓட்டிப் பாப்பீங்களா நீங்க?”

சொன்னது சுட்டு மறுபடி ஒயின்ஷாப்புக்குப் போய்விடுவாரோ என்று அன்று முழுக்க எனக்குப் பயமாகவே இருந்தது.

இது மார்கழி. நீச்சல் கூடாது, படியில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொள்ளலாம் என்று உத்தரவு. இன்று காலை ஊற்றி முடித்துத் துண்டுக்காகக் கையை நீட்டினார். கை நடுங்கியது. குளிரா, மற்றதா என்று தெரியவில்லை. என் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. துண்டைக் கொடுக்காமல் நானே தலையைத் துவட்டினேன், துவட்டுகிற சாக்கில் முகத்தை அவர் வாயருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷத்துப் பழக்கம், விட மாட்டேன் என்கிறது.

“மோந்து பாக்கியாட்டி?” என்றார்.

“ஆமா.”

“என்ன வாடை அடிக்கி?”

“ஆத்து வாடைதான்.”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “நாளைக்கும் பாரு” என்றார். நாளைக்கும் பார்க்க வேண்டுமே என்பதுதான் என் அலுப்பெல்லாம். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து ஒருமுறை ஊதிக் காட்டிவிட்டு, எழுப்பிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.