உப்பு போட்ட மோதிரம்

திருவாடானைத் தேர்க் கூட்டத்தில் கண்ணைக் கட்டிவிட்டிருந்தாலும் என் தாய்மாமாவின் கையை நான் கண்டுபிடித்திருப்பேன். விரல்முட்டிகளில் புளியங்கொட்டை அளவில் கெட்டியான கட்டிகள் இருக்கும். வலிக்காது, விரலை மடக்கினால் கூடவே நகரும். நான் தேர் பார்த்ததைவிட அந்தக் கட்டிகளைத் தடவிக்கொண்டு நின்றதுதான் அதிகம். மாமாவுக்கு வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை. பாத்தியில் உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கை என்று குடும்பமே நம்பியது. மாமா மட்டும் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தார். "ஏலே மாப்ளே, இது உப்பு போட்ட மோதிரம்டா. எந்த நகைக்கடையிலயும் கிடைக்காது" என்பார். அது எனக்கும் வேண்டும் என்று நான் அடம்பிடித்து அழுதிருக்கிறேன்.

நாற்பதைத் தொடுவதற்கு முன்பே, ஒரு காலையில் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெயில் அடித்துவிட்டது என்றார்கள். அவருடைய அய்யாவும் அந்த வயதில் அப்படித்தான் போனார் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். விதி என்று சொல்லி அதையும் முடித்துவிட்டோம்.

மாமா மகளைத்தான் நான் கட்டினேன். எங்கள் பக்கம் அது உரிமை. உரிமை இல்லாவிட்டாலும் அவளைத்தான் கட்டியிருப்பேன், அது வேறு விஷயம். கல்யாணமாகிச் சில வருடங்களில் அவள் விரல்முட்டிகளிலும் கட்டிகள் மெல்ல எழும்பின. என் அம்மா அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள். "எந்தம்பி மோதிரத்த மக கையில போட்டுட்டுப் போயிருக்கான்" என்று மருமகளின் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கையை நீட்டிக் காட்டச் சொன்னோம். நோயை நகை மாதிரி காட்டிப் பெருமைப்பட்ட குடும்பம் இந்தச் சீமையில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அது நோய் என்று தெரிந்ததும் என்னால்தான், ஆனால் என் சாமர்த்தியத்தால் அல்ல. ஒருநாள் பரோட்டாவும் சால்னாவும் வயிறு முட்டத் தின்றுவிட்டு நெஞ்சு எரிகிறது, நான் போகப்போகிறேன் என்று ஊரைக் கூட்டினேன். என் மனைவி என்னை ராமநாதபுரத்தில் ஒரு இருதய மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்ல, வெறும் கேஸ்" என்று என் மானத்தை வாங்கினார். பிறகு, பையைப் பிடித்திருந்த என் மனைவியின் கையையே பார்த்தார்.

"இது என்னம்மா?"

"எங்க அய்யா மோதிரம் டாக்டர். அவருக்கு உப்பளத்துல வேலை, அதுல காய்ச்சது."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"தையல்."

"அப்ப உங்க கைக்கு உப்பு எப்படிம்மா வந்துச்சு?"

இத்தனை வருடம் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. அப்பா எந்த வயதில் இறந்தார், தாத்தா எந்த வயதில் என்று கேட்கக் கேட்க என் மனைவியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. அப்போது அவளுக்கு முப்பத்தாறு. எனக்கு நெஞ்செரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அவள் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு தாறுமாறாக இருந்தது. அதுதான் விரல்முட்டியில் கட்டியாகவும் இருதயக் குழாயில் அடைப்பாகவும் படியும் என்றார் டாக்டரம்மா. இது பரம்பரையாக வருவதுதானா என்று உறுதிசெய்ய அவள் ரத்தத்தை மரபணுச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். "ரத்தத்துல இருக்கிற கொழுப்பை ஈரல் மடை திறந்து உள்ளே வாங்கிக்கணும். மடை கட்டுற மரபணு அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு வரும். அப்பா குடுத்தது பழுது, அம்மா குடுத்தது நல்லா இருக்கு. இருக்கிற மடையைக் காப்பாத்த இப்ப மருந்து இருக்கு." எனக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. விதி என்று நாங்கள் மூடிவைத்ததற்குள் ஒரு மடை இருந்திருக்கிறது, அதைத் திறக்க ஒரு வழியும் இருந்திருக்கிறது! தினம் மாத்திரை, அது மட்டும் போதாமல் இரண்டு வாரத்துக்கொரு ஊசி. ஒரே ரத்தத்தில் கட்டியதால் என்னையும் சோதித்தார்கள். எனக்குப் பழுது இல்லை. "அழுது கேட்டும் எங்க அய்யா உங்களுக்கு மோதிரம் போடலையே மச்சான்" என்று அவள் கேலி செய்தாள். எங்கள் மகளுக்கு இருந்தது. அன்று இருவரும் அழுதோம். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தெரிந்துவிட்டதால் அவளுக்கும் வைத்தியம் தொடங்கியாயிற்று. அவள் விரல்களில் இன்றுவரை ஒன்றும் எழும்பவில்லை.

போன மாதம் மாமாவின் திதிக்கு வாலிநோக்கம் போயிருந்தோம். உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. என் மனைவி மாமா விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அய்யா பாக்காத வயச நான் பாத்துட்டேன் மச்சான்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்து, பழைய பழக்கத்தில் விரல்முட்டிகளைத் தடவினேன். கட்டிகள் கரைந்து, இருக்கின்றனவா இல்லையா என்ற அளவுக்கு வந்திருந்தன. தேர்க் கூட்டத்தில் இனி அந்தக் கையை என்னால் கண்டுபிடிக்க முடியாது.