பராசக்தி வார்த்த வீனஸ்

யாழ்ப்பாணத்து மானிப்பாய் றோட்டோரம் சீமெந்துத் தூணும் பூச்சாடியும் வார்த்து விற்றவள் பராசக்தி. புருஷன் செத்தபின் அவருடைய தொழிலைத் தான் செய்யப்போவதாகச் சொன்னபோது, பொம்பிளை சீமெந்து குழைக்கிறதா என்று சொந்தக்காரர் முகம் சுழித்தார்கள். அவள் புருஷனுடைய மண்வெட்டியை எடுத்துக் குழைக்கத் தொடங்கிவிட்டாள்.

1968இல் கோட்டில் வழக்குப் பார்க்கும் பிரக்கிராசி பொன்னம்பலம் ஒரு தபாலட்டையோடு வந்தார். பாரிஸ் போன மகன் அனுப்பியது. அதில், கிரேக்கத்து மீலோஸ் தீவில் நிலத்துக்குள் இருந்து எடுத்த வீனஸ் தெய்வத்தின் சிலைப் படம். இடுப்புக்கு மேலே துணியில்லை, கைகளும் இல்லை.

"உதைப் பார்த்து எத்தினையோ தேசத்திலை வார்த்து வைச்சிருக்கினம். என்ரை முற்றத்துக்கும் ஒண்டு வேணும்."

களிமண்ணில் செய்தாள். இடுப்பின் வளைவு சரிவராமல் திரும்பத் திரும்ப இடித்தாள். பிறகு பாரிஸ் சாந்து என்கிற வெள்ளை மாவைக் குழைத்து அச்செடுத்துச் சீமெந்தில் வார்த்தாள். அச்சைக் கழற்றிய அன்று சமைக்கவும் மறந்து சிலையின் முன்னே இருந்தாள்.

ஆனால் வீட்டில் எதிர்ப்பு என்று பொன்னம்பலம் வந்து நின்றார்.

"பிள்ளை, மகளுக்குக் கலியாணம் பேசிற நேரம். அங்கக்குறையான சிலை வாசலிலை நிக்கக்கூடாதாம். கையை வைச்சு, மேலுக்கு ஒரு சட்டையும் போட்டுவிடு."

"அந்தக் கை எப்பிடி இருந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததை நான் எப்பிடி வைக்கிறது?"

"ஆர் கேக்கப்போகினம்?"

"நான் கேப்பன். உங்களுக்கு வேண்டாமெண்டால் இஞ்சை நிக்கட்டும்."

சிலை அவள் வாசலிலேயே றோட்டைப் பார்த்தபடி நின்றது. பள்ளிக்கூடப் பெட்டைகள் போகிற வழி என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்ல வந்தார்கள். "பெட்டையளுக்கு இல்லாத உடம்போ?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். ஒருநாள் விடியப் பார்க்க, சிலையில் தார் ஊற்றிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுப் பொழுதுபடுமட்டும் தேய்த்தாள். அடுத்த மாதம் யாரோ தலையையே உடைத்துவிட்டார்கள்.

அவள் அழுததைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை மார்க்கண்டு மட்டும் கண்டார்.

"விடுங்கோ அக்கா. உவங்களோடை ஏலாது."

"அச்சு என்னட்டை இருக்கு, தம்பி. அவங்கள் உடைக்கட்டும். நான் வார்க்கிறன்."

ஒரு கிழமை முடியுமுன் இரண்டு வீனஸ் நின்றன. ஒன்றை உடைத்தார்கள், மூன்றாக்கினாள். உடைத்தவர்களுக்கு அலுத்ததோ, வெட்கமோ, பிறகு ஒருவரும் தொடவில்லை.

உடுப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்த கமலாவதி ரீச்சர், பிள்ளைகள் பார்த்து வரைய ஒன்றை லொறியில் ஏற்றிப்போனார். எழுபதுகளின் நடுவில் பஸ் கொண்டக்டர்மார் அந்த இடத்தைக் 'கையில்லா அம்மனடி' என்று கூவி ஆட்களை இறக்கினார்கள். சிலர் செவ்வரத்தம்பூ வைத்துக் கும்பிடவும் தொடங்கினார்கள். பராசக்தி பூவை எடுத்து வேலியில் செருகுவாள்.

"அம்மனில்லை. உது வீனஸ்," என்பாள்.