அக்காவின் ஆறாம் வகுப்பு

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் அடுத்த தெருவில் இருந்த சின்னப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். போலியோவில் இரண்டு கால்களும் சூம்பிப்போன அக்காவை இடுப்பில் சுமந்தே அந்த ஐந்து வருஷத்தையும் அம்மா கடத்திவிட்டாள். ஆறாம் வகுப்புக்கு நான் படித்த பெரிய பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. நான் அப்போது நாலாவது முடித்திருந்தேன்.

ஊனமுற்ற பிள்ளைகளைப் படிக்கவைப்பது அரசாங்கத்தின் கடமை என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பா, அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் ரிக்‌ஷாவில் அழைத்துப் போனார்.

தலைமையாசிரியை அதை முழுக்கப் படித்தார். கோபப்படவெல்லாம் இல்லை. அக்காவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"சட்டம் சரிதான் சார். ஆறாங்கிளாஸ் மாடியில. பாத்ரூம் கீழ. இருக்கறது ஒரே ஆயா. யார் தூக்கிக்கிட்டு ஏறி எறங்குவாங்க?"

"கிளாஸைக் கீழ மாத்தலாமே மேடம்," என்றார் அப்பா, நின்றுகொண்டே.

அவர் அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பினார். "நீ இங்கதானம்மா படிக்கிற? டெய்லி இன்டர்வெல்ல அக்காவை நீ பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போவியா?"

வாசலில் என் வகுப்புப் பெண்கள் இருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்தபடி, மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"பாத்தீங்களா சார், கூடப் பொறந்ததே மாட்டேங்குது."

அப்பா தாளை மடித்தார். அதைச் சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டார். பள்ளி செய்யவேண்டியதை என் தலையில் இறக்கிவைத்தார்கள் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

"இன்னா சார், சேத்துக்கினாங்களா?" என்றார் ரிக்‌ஷாக்காரர். அப்பா அக்காவைத் தூக்கி உட்காரவைத்தார். நடந்ததை அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் ஓரமாக ஒடுங்கினேன். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"அப்பா, நான்தான் வேணாம்னு சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. எனக்கே அந்த ஸ்கூல் புடிக்கல."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவளுக்கே பிடிக்கவில்லையாம்.

அக்கா அப்புறம் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. அடுத்த வருஷம் என் ஆறாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அவள்தான் அட்டை போட்டாள். ஒரு புத்தகத்துக்கு அட்டை போட ஒரு நாள் முழுக்கவா ஆகும் என்று நான் அவளிடம் சலித்துக்கொண்டேன்.