சிட்டிபாபு தனக்குப் போட்ட வேலி

ஏனாத்தூர் சுற்றுவட்டாரத்தில் எத்தனை தோட்டத்துக்கு வேலி போட்டிருக்கிறார் என்று கேட்டால், "அத்த யாருபா எண்ணிக்கினு இருந்தா" என்பார் சிட்டிபாபு. வாத்தியார் வீடுகள், தென்னேரி ஏரிப் பக்கம் சென்னைக்காரர்கள் வாங்கிப்போட்ட பண்ணை வீடுகள், எல்லாம் அவர் கைவேலைதான். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்திலேயே உழைத்துச் செத்தவர்கள். சிட்டிபாபுவுக்கு ஐம்பத்தெட்டு வயதில், திருப்புட்குழி போகிற வழியில் ஒரு சின்ன மனையும் அதில் ஓர் அறை வீடும் அமைந்தன. அமைந்த நேரத்தில் உடம்பு ஓய்ந்துவிட்டது. வலது தோள் காலையில் எழும்போதே கெஞ்சும்.

அவர் மனைவி பட்டம்மாள் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவள். புது வீட்டைச் சுற்றிக் கனகாம்பரம் நட்டாள். தெருவில் போன ஆடெல்லாம் வந்து விருந்து சாப்பிட்டுப் போயின.

"ஊருக்கெல்லாம் ஓடி ஓடி வேலி போடுறியே, என் செடிய பாருய்யா, மொட்டையா நிக்குது!" என்று கத்தினாள்.

சிட்டிபாபு வண்டியை எடுத்துக்கொண்டு மரவாடிக்குப் போனார். அங்கே மரம் அறுக்கும் ஜோசுவா, அவரோடு ஒரே தெருவில் வளர்ந்தவர்.

"இன்னா மரம்ணா வேணும்?"

"யாருக்கு?" என்று கேட்டார் சிட்டிபாபு.

"யாருக்கா? உனக்குத்தான சொந்தமா வேலி போடணும்னு சொன்ன!"

அடுத்தவருக்கென்றால் வாய் தானாகப் பேசும். சவுக்கு சல்லிசு, ஆனால் மண்ணுக்குள் சீக்கிரம் மக்கிவிடும். மூங்கில் வெயிலில் வெடிக்கும். தேக்கு போட்டால் பேரன் காலத்துக்கும் நிற்கும் சார். இப்படியே காலமெல்லாம் ஒப்பித்தவர், தனக்கு என்ன வேண்டும் என்றதும் திருதிருவென்று விழித்தார். கேட்டுப் பழக்கமில்லாத கேள்வி. அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினார். மறுவாரமும் அப்படியே.

அதற்குள் மகள் அபி செல்போனில் ஒரு படம் காட்டினாள். வெள்ளைப் பெயின்ட் அடித்த வேலி, பலகைகளின் தலையெல்லாம் ஈட்டி மாதிரி கூராக. "இந்த மாடல் செம்மயா இருக்குதுபா."

சிட்டிபாபு தன் முன்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு நீளமான தழும்பு. வேலை செய்கிற வீடுகளில் உள்ளே கூப்பிட மாட்டார்கள், டீ வேலிக்கு மேலேதான் வரும். அப்படி எட்டி வாங்கும்போது கூர் கிழித்தது. "கூரு வேணாம்மா. நாலு பேரு கை வெச்சி நின்னு பேசணும்."

அது வாயிலிருந்து வந்த பிறகுதான் தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. மறுநாள் கருவேலங்கால்களும் வேப்பம்பலகையும் எடுத்தார். காலின் அடிப்பாகத்தைத் தீயில் கருக்கித் தார் பூசினார். ஆட்டுத் தலை நுழையாதபடி இடைவெளி விட்டார். ஒவ்வொரு பலகைத் தலையையும் அரத்தால் ராவி உருண்டையாக்கினார். தோள் வலித்தால் உட்காருவார், மறுபடி எழுவார். வேலி போடுவதல்ல அவர் ஆசை. ஒரு வேலிக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு ஒரு நாளாவது உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதைப் பட்டம்மாளிடம்கூடச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வழக்கமாக வாசலுக்கு இரும்பு கேட்தான் வரும், அது வெல்டிங் பட்டறையிலிருந்து வர நாளாகும். அதுவரை ஆடு மாடு நுழையாதிருக்கத் தோட்டத்து வழியில் மூங்கில் தட்டியாலான ஒரு படலை நிறுத்தி, வெளியே நின்றபடியே ஆணி அடித்துவிட்டுக் கிளம்புவார் சிட்டிபாபு. வீட்டுக்காரர்கள் புழங்க வேறு வழி இருக்கும்.

இங்கேயும் படலை நிறுத்தினார். ஆணி அடித்தார். சுத்தியையும் அரத்தையும் பையில் போட்டு வண்டியில் மாட்டினார். கண்ணெல்லாம் அசதி. வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வேல முடிஞ்சிதும்மா, நான் கெளம்புறேன்!"

பட்டம்மாள் டீ டம்ளரோடு வெளியே வந்தாள். படலைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "எங்கய்யா கெளம்புற? என்ன உள்ள வெச்சி ஆணி அடிச்சிட்டு!" என்று சிரித்தாள்.

சிட்டிபாபு வண்டியை நிறுத்தினார். இந்த மனைக்கு இருப்பது அந்த ஒரே வழி. சிரிக்கத்தான் நினைத்தார், சிரிப்பு வரவில்லை. வேலியோரம் வந்து நின்றவர், டம்ளரை வாங்க வேலிக்கு மேலே கையை நீட்டினார்.

பட்டம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. நீட்டப்போன டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இங்க வேலிக்கு மேல டீ குடுக்க மாட்டேன்" என்றாள். "உள்ள வந்து குடி."

டம்ளரை வாசற்படியில் வைத்து, ஒரு தட்டால் மூடி, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். சிட்டிபாபு வண்டியிடம் திரும்பிப் போனார். பையிலிருந்து சுத்தியை எடுத்து, வலிக்கும் தோளோடு, தான் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.