மாமன் ஊருக்கு ஊதிய விசில்

சனிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு என் மகன் விசில் ஊதினான். அதுவரைக்கும் அன்றைய பொழுது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் பின்பக்க மைதானத்தில் சடுகுடுப் போட்டி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு அணிக்கும் தென்னேரி அணிக்கும் ஆட்டம். ஆண்கள் ஆடுகளத்தைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்குப் பள்ளி வராந்தாவை விட்டிருந்தார்கள். நான் தூணை ஒட்டி நின்றிருந்தேன். எனக்கு நேர் எதிரே, நடுக்கோட்டின் ஓரத்தில், வெள்ளை அரைக்கைச் சட்டையோடு நடுவராக நின்றவன் என் மூத்த மகன்.

அதற்கு முந்தின வருடம் வரை அவனும் எங்கள் தெரு அணியில் ஆடியவன். முழங்கால் பிசகியதும் ஆட்டத்தை விட்டுவிட்டு, அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிட்டான். சட்டம் தெரிந்தவன் என்று இரண்டு தரப்பும் சேர்ந்துதான் அவன் கையில் விசிலைக் கொடுத்தன. எங்கள் தெரு அவனைத் தன் பிள்ளை என்று நினைத்தது. தென்னேரி அவனைத் தன் பேரன் என்று நினைத்தது. நான் பிறந்த ஊர் தென்னேரி.

எங்கள் தெருக்காரர்கள் கூச்சல் போடுவதில் பேர்போனவர்கள். தென்னேரி ஏரிக்கரை ஊர் என்பதால் அந்த ஊர் அணிக்குத் தவளை என்று பட்டம். அவர்களில் ஒருவன் மூச்சு விடாமல் சடுகுடு பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் போதும், நாலு பக்கமும் தவளைக் கத்தல் கிளம்பும். கத்துவது விளையாட்டுக்கு என்று பேர், ஆனால் அதில் ஒரு கணக்கு உண்டு. தன் பாட்டு தன் காதிலேயே விழாவிட்டால் பாடுகிறவனுக்கு மூச்சு தடுமாறும். எங்கள் ஆள் பாடிப் போகும்போதோ கூட்டமே அவனோடு சேர்ந்து பாடும். நடுவில் அவன் மூச்சு விட்டாலும் வெளியே தெரியாது. கூட்டத்தின் பாட்டுக்குள் அது மறைந்துபோகும்.

எதிர்வீட்டுக்காரி என் தோளில் இடித்து, "இன்னா டீச்சரம்மா, உங்க ஊரு தவளைங்க இன்னிக்கு சுருதி கம்மியா இருக்குதே" என்றாள். வராந்தாவே சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கே ஆடிய பையன்களில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு முறையில் உறவு.

இரண்டு பக்கமும் சமமாக இருந்தபோது எங்கள் தெருவின் பேர்போன ஆட்டக்காரன் கடைசியாகப் பாடிப் போனான். அவன் தறிக்காரன், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தான். என் மகனோடு சேர்ந்து ஆட்டம் பழகியவன். எதிராளி ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். மூன்று பேர் அவன் காலையும் இடுப்பையும் பிடித்தார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கித் தவழ்ந்தான். கூட்டம் மொத்தமும் எழுந்து அவனுக்காகப் பாடியது. விரல் நுனி கோட்டைத் தொட்டது. அதற்கு ஒரு நொடி முன்னால் விசில் ஊதிவிட்டது. பாட்டு விட்டுப்போயிற்று, ஆட்டக்காரன் அவுட் என்று என் மகன் தென்னேரிப் பக்கம் கையை நீட்டினான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருவர் எழுந்து, ஏறக்குறைய மரியாதையாகவே கேட்டார்: "ஏம்பா, நாங்க போட்ட சத்தத்துல ஒனக்கு மட்டும் எப்படிப்பா கேட்டுது?"

நடுவர் பதில் சொல்லக்கூடாது என்பது என் மகனின் எண்ணம். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது: "மாமன் ஊருக்கு ஊதிட்டான்டா."

அதற்குப் பிறகு மைதானம் முழுக்க அந்த ஒரே வாசகம்தான். கை தட்டித் தட்டி, பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். மாமன் ஊட்டுச் சோறு, மாமன் ஊட்டுக் கொழம்பு என்று அடிகள் நீண்டன. மண்ணை வாரி இறைத்தார்கள். ஒரு செருப்பு என் மகன் காலடியில் போய் விழுந்தது. அவன் நீட்டிய கையை மடக்காமல் நின்றான். ஆட்டக்காரன் கோட்டருகே குந்தி, தலையைக் குனிந்துகொண்டு மூச்சு வாங்கினான். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வராந்தாவில் என்னைச் சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக விலகியது எனக்குத் தெரிந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கத்தில் இடம் மட்டும் காலியானது.

வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. என் கணவர் ஆட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் விடியலில் எங்கள் வீட்டுப் பாவுக்குத் தெருவில் முறை. அதற்காகக் கயிறும் கழிகளும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பட்டுப் பாவு என்றால் சேலையின் நீள இழைகள் அத்தனையும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு விரித்து, இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்துக் காயவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். ஈரப்பட்டு தொய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் குப்பையில்தான் போட வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை அது. இன்று என் பாவுக்கு நீ வா, நாளை உன் பாவுக்கு நான் வருகிறேன் என்பது தெருவின் ஏற்பாடு. கூப்பிடக்கூடத் தேவையில்லை. பாவு வெளியே வந்தால் ஆட்கள் வருவார்கள். அந்தப் பாவு ஒரு கல்யாணச் சேலைக்கு உரியது. பட்டு எங்களுடையதும் இல்லை, முதலாளி நம்பிக் கொடுத்தது. அன்று காலையிலேயே நனைத்துப் பதப்படுத்தி வைத்துவிட்டோம். இனி தள்ளிப்போட முடியாது.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டார். கத்தட்டும் என்றார். வாரம் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்காருகிறவனுக்கு வாயைத் திறக்க வேறு எங்கே இடம் இருக்கிறது, ஆட்டம் பார்க்கப் போய்க் கத்தாமல் வருகிறவன் கோயிலுக்குப் போய்க் கும்பிடாமல் வருகிற மாதிரி என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. தென்னேரிப் பையன்கள் தவளைக் கத்தலைக் கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு மாலைப் பொழுதோடு முடிகிற சங்கதி. நடுவருக்கு அப்படி இல்லை. அவன் வீடு இந்தத் தெருவில் இருக்கிறது. அவனைப் பார்த்து ஊளையிட்டவர்களின் கைகள்தான் விடிந்ததும் அவன் பாவைப் பிடிக்க வர வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வெளியிலேயே நின்று, "எங்க ஊட்டுக்காரருக்கு ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குதாம் டீச்சரம்மா. காலைல எழுந்துக்க முடியாது போலக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வீட்டில் ஒருவருக்கு வாலாஜாபாத் போக வேண்டிய அவசரம். அதற்கடுத்த வீட்டில் முதுகுப் பிடிப்பு. சாப்பாட்டு வேளைக்குள் தெருவே நோயில் விழுந்துவிட்டது. மைதானத்துக் கூச்சலைவிட இந்த அமைதியான சேதிகள்தான் எனக்கு உறைத்தன. கூச்சலுக்கு முகம் இல்லை. இந்தச் சேதிகளை என் முகத்தைப் பார்த்தல்லவா சொன்னார்கள்.

மகன் வந்து குழாயடியில் தலையைக் கழுவினான். தலைமுடியிலிருந்து மண் கரைந்து ஓடியது. கேட்கக்கூடாது என்று எண்ணிக்கொண்டேதான் பக்கத்தில் போனேன். ஆனால் அது என் ஊர். மாமன் வீட்டுப் பாசம் என்ற ஒன்று அவனுக்குள் இல்லை என்று நான் எப்படிச் சத்தியம் செய்வேன்? ஒவ்வொரு லீவுக்கும் அந்த ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டு அதை ஊட்டியவளே நான்தான்.

"நெசமாவே அவன் பாட்டு வுட்டானாடா?"

தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பிப் பார்த்தான். "நீயும் கேக்கறியாம்மா?"

அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. அந்தக் கேள்வியை நான் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்திருந்தால் என்று இன்றுவரை நினைக்கிறேன். மைதானத்தில் அத்தனை பேர் கேட்டபோது அசையாமல் நின்றவன், நான் கேட்டதும் உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

விடியலில் பாவைத் தூக்கிக்கொண்டு மூவரும் வெளியே வந்தோம். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டினார் என் கணவர். மறுமுனையை மகன் இழுத்துப் பிடித்தான். நடுவில் நான். பாவு என் கைக்கு இரண்டு பக்கமும் தொய்ந்து தெருமண்ணைத் தொடப் பார்த்தது. பாவைத் தாங்குகிற முட்டுக்கழிகளை நிறுத்தவே ஆள் இல்லை. கஞ்சிச் சட்டி மூடியபடியே இருந்தது. குழாயடிப் பெண்கள் குடங்களோடு எங்களைச் சுற்றிப் போனார்கள். கதவுகள் திறந்துதான் இருந்தன. உள்ளே ஆட்கள் நடமாடுவது தெரிந்தது. முதுகுப் பிடிப்புக்காரர் வாசலில் குந்திப் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

கிழக்கே வெளுத்து, மேல்மாடிச் சுவர்களில் வெயில் பட்டது. மகனின் பிசகிய முழங்கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. விட்டுவிடலாம் என்று நான் சொல்ல, என் கணவர் முதல்முறையாக என்னிடம் எரிந்து விழுந்தார். எங்கே விடுவது, தரையிலா என்று கேட்டார். என் மனம் ஏதேதோ கணக்குப் போட்டது. இந்தப் பாவு போனால் அந்த முதலாளி இனி பட்டுக் கொடுக்க மாட்டார். இந்தத் தெருவில் இருக்க முடியாது. தென்னேரிக்குப் போய்விடலாமா? போனால், ஊதியது மாமன் ஊருக்குத்தான் என்று நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

பல வருடம் ஓடிவிட்டது. இன்றும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆட்டம் பார்த்துக்கொண்டு ஓவென்று கத்தினால், கையில் ஈரப்பட்டு கனக்கிற மாதிரி இருக்கிறது. கத்தாதீர்கள் என்று என்னால் சொல்ல முடிவதில்லை. என் கணவர் சொன்ன நியாயம் குறுக்கே வருகிறது. கத்துங்கள் என்று விடவும் முடிவதில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

அன்று விடியலில், நாங்கள் பாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நாலு வீடு தள்ளி ஒரு கதவு திறந்தது. முந்தின நாள் பாடிப் போன ஆட்டக்காரன் வெளியே வந்தான். முழங்கை இரண்டும் உரிந்து மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. தெருவின் நடுவில், எல்லா வாசலுக்கும் தெரிகிற மாதிரி மெதுவாக நடந்து வந்தான். என் மகன் முகத்தை அவன் பார்க்கவில்லை. என் மகனும் அவனைப் பார்க்கவில்லை. நேராக மகன் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கொடுத்துப் பாவு முனையை வாங்கி, காலை அகட்டி ஊன்றி, பின்னால் சாய்ந்தான். தொய்ந்து கிடந்த பட்டு தரையை விட்டு எழும்பி, என் விரல்களுக்குள் விறைத்து நின்றது.

பிறகு அவன் சொன்னான். என்னிடம்தான் சொன்னான், ஆனால் பல் துலக்குகிறவருக்கும் கேட்கிற குரலில்:

"பாட்டு வுட்டது நெசந்தாம்மா. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கறப்பவே வுட்டுட்டேன். கஞ்சிய எடுங்க, வெய்யில் ஏறுது. எங்க நைனாவையும் அண்ணனுங்களையும் எழுப்பி வுட்டுட்டுத்தான் வந்தேன். என்னைத் திட்டிக்கினேதான் வராங்க. வரட்டும்."